தள்ளிவைத்தவர் யார்?

டிசம்பர் 13 அன்று கேரள உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள் வெளிவந்த நாள்முதல் நம் ஆய்வாளர் வட்டத்தில் எல்லார் வாயிலும் ஒரே சொல்: 'அரையிறுதி'. இறுதியாட்டம், வரவிருக்கும் சட்டமன்றத் தேர்தலாம். திருவனந்தபுரம் மாநகராட்சியின் 101 வார்டுகளில் 50-ஐத் தேசிய ஜனநாயகக் கூட்டணி கைப்பற்றியது. பல்லாண்டுகளாக நகரை ஆண்ட இடது முன்னணி 29-ஆகச் சுருங்கியது. ஐக்கிய முன்னணி மாநிலத்தின் ஆறு மாநகராட்சிகளில் நான்கைப் பெற்றது. இவ்வெண்களைக் கொண்டு அடுத்த முதலமைச்சரைக் கணிக்கும் கட்டுரைகளை நானும் ஆர்வத்தோடுதான் படித்தேன். படித்து முடித்தபின் எரிச்சலே மிஞ்சியது. அந்த எரிச்சலுக்குக் காரணம் சொல்லவே இப்பதிவு. நீளமானது, பொறுத்தருள்க.

உள்ளாட்சித் தேர்தலில் யார் வென்றார் என்பது இரண்டாவது கேள்வி. அது நடந்ததா என்பதே முதற்கேள்வி. இன்று ஜனவரி 5. தமிழ்நாட்டில் 2019 டிசம்பரில் வாக்களித்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சி மன்றங்கள் பதவிக்காலம் முடிந்து கலைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. (நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தபின் அவை 28 மாவட்டங்கள்.) 9,624 கிராம ஊராட்சிகளில் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை, 'தனி அலுவலர்' இருக்கிறார். அவற்றுள் ஒன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள என் ஊர். நான் தங்கி ஆய்வு செய்யும் ஸ்ரீவராகத்திலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். 1956 அக்டோபர் 31 வரை இரண்டும் ஒரே அரசின்கீழ் இருந்தவை.

மொழியியல் படித்தவன் என்பதால் முதலில் வினைச்சொல்லைப் பார்க்கிறேன். 'தேர்தல் தள்ளிவைக்கப்பட்டுள்ளது' என்று அறிவிப்பு வரும். செயப்பாட்டுவினை, எழுவாய் மறைந்துவிடும். செய்தித்தாளில் அதுவும் கரைந்து 'தேர்தல் தள்ளிப்போகிறது' ஆகிவிடும். மழை தள்ளிப்போவதுபோல, அத்தை மகள் கல்யாணம் தள்ளிப்போவதுபோல, தேர்தலும் தானாக எழுந்து நடந்து தள்ளிப்போய்விட்டது! 'தள்ளிவை' என்பதற்கு ஒரு கை வேண்டும். 'தள்ளிப்போ' என்பதற்கு வேண்டாம். ஆட்சியில் இருப்பவர்க்கு இந்த இரண்டாவது வினை எவ்வளவு வசதியானது என்பதை நம் இலக்கண வகுப்புகளில் யாரும் சொல்லித் தருவதில்லை.

எழுவாயை மீட்போம். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் இரத்து செய்தது. பழங்குடியினர் இடஒதுக்கீட்டில் குறை என்று வழக்குத் தொடுத்தது தி.மு.க.; குறையைச் சரிசெய்து விரைந்து நடத்தியிருக்க வேண்டிய அரசு அ.தி.மு.க.வினுடையது. மூன்றாண்டு கழித்து 27 மாவட்டங்களில் மட்டும் நடந்தது. புதிதாய்ப் பிரிக்கப்பட்டவை உள்ளிட்ட எஞ்சிய ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரி 19. இப்போது 2025-இல் மீண்டும் வெற்றிடம். இம்முறை ஆட்சியில் தி.மு.க. வார்டு மறுவரையறை, ஊராட்சிகளை நகர்ப்புறத்தோடு இணைத்தல் என்று காரணங்கள் வரிசையாக வருகின்றன. இடம் மாறி அமர்ந்த இரு கட்சிகளுக்கும் இந்த ஒன்றில் கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை.

மறுவரையறை உண்மையிலேயே ஒரு தடையா? கேரளமும் இத்தேர்தலுக்கு முன் மாநிலம் முழுவதும் வார்டுகளை மறுவரையறை செய்தது. திருவனந்தபுரத்தின் 100 வார்டுகள் 101 ஆனது அப்படித்தான். வழக்குகளும் வசைகளும் இல்லாமலில்லை. ஆயினும் பதவிக்காலம் முடியும் டிசம்பர் 20-க்கு முன்பே, 9, 11 ஆகிய இரு நாள்களில் 1,199 மன்றங்களுக்கு வாக்குப்பதிவு நடந்து, மறுநாள் புதியவர்கள் பதவியேற்றார்கள். மலையாளிகளின் பிறவிக்குணம் இது என்று யாரும் மெச்ச வேண்டாம். 1979-க்கு அடுத்த ஊராட்சித் தேர்தல் இங்கும் 1988-இல்தான். அரசமைப்பின் 73, 74ஆவது திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தபின், 1995 தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்தி நடத்திப் பழகிய பழக்கம். 2020-இல் கொரோனா காரணமாகச் சில வாரங்கள் தவறின. அவ்வளவே. பதவிக்காலம் முடியும்முன் தேர்தலை முடித்தாக வேண்டும் என்பது அத்திருத்தங்களின் கட்டளை. அற்பக் காரணங்களுக்காக அதை மீறலாகாது என்று 2006-இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்சநீதிமன்றமும் சொல்லியாயிற்று.

மலையாளத்தில் இதற்குத் 'தத்தேச ஸ்வயம்பரணம்' என்று பெயர். அந்த 'ஸ்வயம்' நம் 'உள்ளாட்சி'யில் இல்லை. சொல்லில் இருப்பதெல்லாம் செயலிலும் வந்துவிடும் என்றால் என் ஆசிரியர்கள் சிரிப்பார்கள். ஆகவே இதைக் குறித்துவிட்டு நகர்கிறேன்.

தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் மூன்று அணியினரும் ஸ்ரீவராகத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். எனக்கு இங்கு வாக்கில்லை என்றதும் இருவர் துண்டறிக்கையைத் தந்து நகர்ந்தார்கள். மூன்றாமவர் நின்று, "வோட்டில்லெங்கிலும் வெள்ளம் கேறுமல்லோ" என்றார். வாக்கில்லாவிட்டாலும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறத்தானே செய்யும் என்று பொருள். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் நீர் எவ்வளவு உயரம் நிற்கும், ஓடையின் எந்த மடக்கில் அடைப்பு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். அவர் வென்றாரா என்பது இங்கே பொருட்டில்லை. அதே வாரம் அம்மா தொலைபேசியில், குடிநீர்க் குழாய் உடைந்து பத்து நாள் ஆயிற்று, யாரிடம் சொல்வது என்று கேட்டார். முன்பு அடுத்த தெருவில் இருந்த வார்டு உறுப்பினரின் வாசலில் நின்று சண்டை போடுவார். தனி அலுவலராகிய வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்க்க ஒன்றிய அலுவலகத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். அங்கே சண்டை போட முடியாது; மனுதான் கொடுக்கலாம்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் 'அரையிறுதி' என்ற உருவகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒத்திகையை இரத்து செய்தால் யாரும் நியாயம் கேட்பதில்லை. நாடகம் நடந்தால் போதும். உள்ளாட்சித் தேர்தலை முன்னோட்டம், ஒத்திகை, அரையிறுதி என்று அறிவாளர்களாகிய நாமே அழைத்தால், அதை ஒத்திப்போடுவதும் சிறுபிழை என்றாகிவிடுகிறது. சட்டமன்றத் தேர்தல் ஓராண்டு நடக்காமல் தலைமைச் செயலாளர் தமிழ்நாட்டை ஆண்டால் நம் பல்கலைக்கழகங்கள் இப்படி வாளாவிருக்குமா?

நம் துறைகளில் இதற்கு ஒரு கௌரவமான மேற்கோளும் உண்டு. 1979 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலை ஆராய்ந்த ரைஃப், ஷ்மிட் ஆகிய இருவர் 1980-இல் முன்வைத்த 'இரண்டாம் நிலைத் தேர்தல்' என்ற கருத்தாக்கம். இத்தகைய தேர்தல்களில் பணயம் குறைவு என்று வாக்காளர் கருதுவதாக அவர்கள் விளக்கினார்கள். வாக்காளர் நடத்தை பற்றிய அந்த விவரிப்பை நாம் தேர்தலின் தகுதி பற்றிய தீர்ப்பாக மாற்றிக்கொண்டோம். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நடந்த தேர்தலுக்கே தரவு உண்டு. நடக்காத தேர்தல் அட்டவணையில் ஒரு வரிசையாகக்கூட வராது. 2025-இல் உலகெங்கும் நடந்த வட்டார, உள்ளாட்சித் தேர்தல்களைத் தொகுப்பவர் கேரளத்தைச் சேர்ப்பார். தமிழ்நாட்டின் 9,624 ஊராட்சிகளைச் சேர்க்க அவருக்கு இடமே இராது.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2025 மே 6 அன்று உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது, தரவுத்தொகுப்பில் ஏறிவிட்டது. 2023 மார்ச் 9-இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் அது. பணமில்லை என்று திறைசேரி கைவிரித்தது. அது வாக்காளரின் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபின்பே கதவு திறந்தது. மாகாண சபைகளின் கதை இதைவிடக் கொடிது. வட மாகாண சபைக்கு 2013 செப்டம்பரில் நடந்ததே முதல் தேர்தலும் இன்றுவரை கடைசித் தேர்தலும். 2018-இல் அதன் காலம் முடிந்தபின் ஆளுநர் ஆட்சிதான். அங்கும் சொல்லப்பட்ட காரணம் 'எல்லை நிர்ணயம்'! அதிகாரப் பகிர்வு பற்றி மேடைதோறும் முழங்கும் தமிழ்நாட்டுக் கட்சிகள், யாழ்ப்பாணத்துக்குக் கேட்பதைத் தம் ஊராட்சிகளுக்குத் தர மறுப்பதைப் பற்றி ஏன் ஒரு கட்டுரையும் வரவில்லை? இங்கிலாந்திலும் 2025 மே மாதத்தில் ஒன்பது மன்றங்களின் தேர்தலை ஓராண்டு தள்ளிவைத்தார்கள்; காரணம், நிர்வாக மறுசீரமைப்பு.

தமிழ்நாட்டவர்க்கு உத்தரமேரூர் என்ற பெருமை வேறு இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை, கணக்குக் காட்டாதவர்க்கு இடமில்லை என்னும் விதி. (அது வாக்கெடுப்பன்று, குலுக்கல், நிலமுடைய பிராமணர் சபைக்கு உரியது என்பதை வசதியாக மறந்துவிடுவோம்.) அந்தக் கல்வெட்டு நிற்கும் உத்தரமேரூர்ப் பேரூராட்சியில் 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை, ஐந்தாண்டுக்கும் மேலாக, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை.

தனி அலுவலர் ஆட்சியே மேல் என்ற வாதத்தைப் பேராசிரியர்கள் சிலரே என்னிடம் சொன்னார்கள். ஊராட்சித் தலைவிகளின் கணவர்கள் ஆள்கிறார்கள், குத்தகையில் ஊழல், சாதி ஆதிக்கம். இவற்றில் பொய் ஏதுமில்லை. ஆனால் இதே தர்க்கத்தைச் சட்டமன்றத்துக்கு நீட்ட அவர்களுக்கு வாய் வராது. சாதியைப் பற்றி ஒன்று. பட்டியலினத்தவர்க்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் ஆதிக்கச் சாதியினர் தேர்தலை நடக்கவிடவில்லை. மேலவளவில் தலைவரான முருகேசன் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். இரண்டாந்தரப் பதவிக்காகவா அத்தனை வெறி? அந்த நாற்காலியின் மதிப்பு நம் கருத்தரங்குகளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அன்று மூன்று நான்கு ஊர்களில் தேர்தலைத் தடுத்தவர்களோடு அரசு பத்தாண்டு மல்லுக்கட்டி, 2006-இல் நடத்திக் காட்டியது. இன்று ஒன்பதாயிரம் ஊர்களில் நடத்தாமல் இருப்பது அரசேதான். பெண்களுக்கான பாதி இடங்களும் பட்டியலினத்தவர்க்கான இடங்களும் ஓராண்டாகக் காலி.

'உள்ளாட்சித் தேர்தல் 2025: ஒரு முன்னோட்டம்' என்ற தலைப்பில் ஒரு துறை கருத்தரங்கு நடத்தப்போவதாகவும், கட்டுரைச் சுருக்கம் அனுப்புமாறும் சென்ற வாரம் அழைப்பு வந்தது. 'நடக்காத தேர்தல்கள், 2025' என்ற தலைப்பில் ஒன்று அனுப்பியிருக்கிறேன். எந்த அமர்விலும் பொருந்தவில்லை என்று பதில் வந்திருக்கிறது. தேநீர் இடைவேளையில் பத்து நிமிடம் கொடுத்தாலும் போதும் என்று மறுபடி எழுதியுள்ளேன்.