அந்தக் கட்டில் யாருடைய பாடு?

ஐ.சி.யு.வில் நோயாளிகள் கட்டிலிலிருந்து விழுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியவர் குற்றவாளியைப் பிடித்துவிட்டார். விழுந்தவரேதான் அது! அதிலும் பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள் முரடர்களாம், குடிகாரர்களாம், கையைக் காலைக் கட்டிப்போடுவதே வழியாம்.

ஆடுகிற படகில் நின்று நாற்பது வருடம் வலை இழுத்த கால், ஒரு கட்டிலிலிருந்து இறங்கும்போது ஏன் மடங்குகிறது? லண்டனில் தீவிர சிகிச்சை நோயாளிகளின் தொடைத் தசையை அளந்து 2013இல் வெளியான ஆய்வு, பத்தே நாளில் அது சராசரியாக 17 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியதைக் காட்டியது. அதோடு தூக்க மருந்து, காய்ச்சல், இரவு பகல் தெரியாத வெளிச்சம் எல்லாம் சேர்ந்து புத்தியும் தடுமாறுகிறது. சிறுநீர் முட்டுகிறது, எழுகிறார். இதற்குப் பெயர் முரட்டுத்தனமா?

குடி என்கிறீர்கள். குடி நின்ற இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் பிதற்றலும் வரலாம் என்பது மருத்துவ மாணவருக்கே தெரியும். புயல் எச்சரிக்கை வந்தும் படகைக் கரையேற்றாதவன் புயலைத் திட்டலாமா?

கட்டினால் விழமாட்டாராம். கட்டுண்டவருக்குக் குழப்பம் கூடும், திமிறுவார், மூச்சுக்குழாயைத் தானே பிடுங்கிக்கொள்வதும் உண்டு. கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்தினாலோ, அதன்மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

உறவினர் கவனிப்பதில்லை என்று வேறு ஒரு வரி. செருப்பைக் கழற்றவைத்து, ஐந்து நிமிடம் பார்க்கவிட்டு, கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்காரவைத்த மனைவி எப்படி ஐயா கவனிப்பாள்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் மூச்சே இல்லை. பல கட்டில்களுக்கு நடுவே ஒற்றை ஆளாக ஓடுகிற செவிலியரை நான் குறை சொல்லமாட்டேன். ஆள் போடாதவர்களைத்தான் கேட்பேன். மருத்துவமனைக்குள் விழுந்து எலும்பு முறிந்தால், அந்தக் காயத்துக்கான கூடுதல் செலவை அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2008 அக்டோபரிலிருந்து தருவதில்லை. அங்கே அது மருத்துவமனையின் கணக்கு. நீங்களோ விழுந்தவர் தலையில் எழுதுகிறீர்கள்.

எங்கள் பழவேற்காடு ஏரியில் பாடு முறை உண்டு, மீன்பிடிக்கும் நீரை முறைவைத்துப் பங்கிடுவது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆட்களைக் கேளுங்கள். எந்த நாளில் எந்த நீர் யாருடைய பாடு என்று சொல்வார்கள். இரவு இரண்டு மணிக்கு அந்த ஐ.சி.யு. கட்டில் யாருடைய பாடு? அதைச் சொல்லிவிட்டு அப்புறம் கயிற்றை எடுங்கள்.