கீழ்க்கட்டளை வங்கியும் ஒரு பழைய பழியும்

"கீழ்க்கட்டளையில பேங்க்கைக் கொள்ளையடிச்சது யாரு? அவனுங்கதானே!" டீக்கடையிலிருந்து குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டம் வரை, வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்த வரியில்தான் வந்து முடிகிறது. சொல்பவர் வேறு ஆதாரம் தேடுவதில்லை, கேட்பவரும் கேட்பதில்லை. வீடு காலியாக இருந்தும் இல்லை என்று சொல்லவும், வேலை முடிந்து வருபவனைத் தெருமுனையில் நிறுத்தி ஆதார் அட்டையைக் காட்டச் சொல்லவும், 'வடக்கன்' என்ற திசைப்பெயரை வசவாக்கவும் இந்த ஒரு வரி போதுமானதாகிவிட்டது. அதனால் இதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2012 ஜனவரி 23 அன்று சென்னையின் தெற்கே பெருங்குடியில் பாங்க் ஆஃப் பரோடா கிளையும், பிப்ரவரி 20 அன்று கீழ்க்கட்டளையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக் கிளையும் பட்டப்பகலில் கொள்ளையடிக்கப்பட்டன. பிப்ரவரி 23 அதிகாலையில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். கொள்ளையர்கள் இவர்களே, பெரும்பாலோர் பீகாரைச் சேர்ந்தவர்கள், முதலில் சுட்டதும் இவர்களே என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அந்த விவரிப்பைக் கேள்வி கேட்டன. ஐந்து பேரும் இறந்துவிட்டதால் குற்றவாளிகள் என்று அவர்களுக்கு எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதவில்லை. அவர்களேதான் செய்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும் அவர்கள் ஐந்து பேர். 2015-இல் தமிழக அரசின் தொழிலாளர் துறைக்காக எடுத்த கணக்குப்படி மாநிலத்திலிருந்த புலம்பெயர் தொழிலாளர்கள் சுமார் 10.67 லட்சம். கீழ்க்கட்டளை அப்போது இருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் மட்டும் அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர், அதாவது இரண்டு லட்சத்துக்கும் மேல். ஐந்து பேர்மீதுள்ள குற்றச்சாட்டை இரண்டு லட்சம் பேர் தலையில் கட்ட எந்தக் கணக்கு இடம்தருகிறது? 2022 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் நகைக்கடன் நிறுவனம் ஒன்று கொள்ளை போனது. முதன்மையாகக் குற்றம் சாட்டப்பட்டவர் அதே நிறுவனத்தின் ஊழியர், உள்ளூர்க்காரர். அதற்குப் பிறகு சென்னைக்காரருக்கு வீடு கொடுக்கக் கூடாது என்று எந்தத் தெருவும் முடிவெடுக்கவில்லை. உள்ளூர்க்காரர் திருடினால் திருடியவர் பெயரோடு பழி நின்றுவிடுகிறது. வெளியூர்க்காரர் திருடினால் அது மாநிலத்தின் பெயரில் ஏறிக்கொள்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் சொந்த மாநிலம், பிற மாநிலம், பிற நாடு என்ற பகுப்பு ஆண்டுதோறும் வருகிறது. தமிழகச் சிறைகளில் இருப்போரில் மிகப் பெரும்பாலோர் தமிழகத்தவரே. அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதவர்கள்தான் குற்றத்துக்கு ஊர்ப்பெயர் சூட்டுகிறார்கள்.

பிறப்பை வைத்துக் குற்றவாளி என்று முத்திரை குத்துவது என்னவென்று தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்குள்ளும் நுழைந்தது. பிரமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவலர் கண்ணில் படும்படி ஓரிடத்தில் படுக்க வேண்டும், வெளியூர் போனால் கையில் சீட்டு இருக்க வேண்டும். எவனோ ஒருவன் எங்கோ திருடியிருப்பான். பிறந்த பிள்ளை வளர்ந்து ஆளானதும் ரேகை வைக்க வரிசையில் நிற்பான். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி வட்டாரத்தில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள், மாயக்காள் என்ற பெண் உட்பட. 1947 வரை அந்தச் சட்டம் மாகாணத்தில் இருந்தது. அந்த மக்களுக்காக மதுரையில் வழக்காடிய ஜார்ஜ் ஜோசப், திருவிதாங்கூர் செங்கன்னூரில் பிறந்தவர், மலையாளி, கிறித்தவர். 'ரோசாப்பூ துரை' என்று அவரைக் கொண்டாடிய மக்கள், அந்தப் பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்கும் வைத்தார்கள். அவர் எந்த ஊர்க்காரர் என்று அவர்கள் பார்க்கவில்லை. தங்கள் பக்கம் நின்றாரா என்று பார்த்தார்கள்.

"அது வெள்ளைக்காரன் சட்டம். நாங்கள் கேட்பது பாதுகாப்புக்காக ஒரு விவரம், அவ்வளவுதான்" என்பார்கள். எல்லோரிடமும் கேட்டால் அது வெறும் விவரம்தான். வேளச்சேரி சம்பவத்துக்குப் பிறகு காவல்துறை போட்ட உத்தரவே, வாடகைக்கு இருப்போர் யாராக இருந்தாலும் அவர்களுடைய விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்றுதான் சொன்னது. திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் படிவத்தை எத்தனை வீட்டுக்காரர்கள் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்? பொது விதியாக வந்ததைத் தெரு தன் வசதிக்கு வளைத்து, ஒரு சாராரைக் கண்காணிக்கும் விதியாக்கிக்கொண்டது. பெருங்காமநல்லூரில் ரேகை கேட்டபோதும் அரசு சொன்ன காரணம் பாதுகாப்புதான்.

இந்தச் சந்தேகம் யாரைக் கொல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். 2018 மே மாதம், வடமாநிலக் கும்பல் பிள்ளைகளைக் கடத்த வந்திருக்கிறது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் வடமாவட்டங்கள் முழுக்கப் பரவியது. மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் காரை நிறுத்தியது. பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த வயதான பெண்மணியைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அவர் பல்லாவரத்தைச் சேர்ந்தவர்; கீழ்க்கட்டளைக்கு அடுத்த ஊர். தமிழ் பேசுகிற, தமிழ்க் குலதெய்வத்தைத் தேடிப்போன அந்த அம்மாவை வடக்கத்திக்காரர்மீது வளர்த்துவிட்ட பயம்தான் கொன்றது. 2024 பிப்ரவரியில் அதே மாதிரி வதந்தி சென்னையில் மறுபடி கிளம்பியபோது, பம்மலில் கம்பத்தில் கட்டி அடிக்கப்பட்டவர் ஒரு திருநங்கை. அந்நியரைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கூட்டம், கையில் அகப்பட்டவரை அந்நியராக்கிவிடுகிறது. எச்சரிக்கையாக இருப்பதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் பல்லாவரத்தில் அந்த வீட்டை நினைத்துக்கொண்டு பதில் சொல்லட்டும்.

பான் துப்புகிறார்கள் என்ற புகாருக்கு ஒரு வரி போதும்: யார் துப்பினாலும் தாம்பரம் மாநகராட்சி அபராதம் போடட்டும். இந்தியைக் கொண்டுவருகிறார்கள் என்பது இன்னும் பலவீனமானது. ஒடியாவும் வங்காளமும் அசாமியும் போஜ்புரியும் மைதிலியும் பேசுகிறவர்களை ஒரே மூட்டையில் கட்டி 'இந்திக்காரன்' என்கிறோம். இந்தியைத் திணிப்பது தில்லியின் கொள்கை. சென்ட்ரிங் பலகை தூக்குபவன் கையில் அது இல்லை. இங்கே ஓட்டுரிமை கேட்பார்கள் என்ற அச்சத்துக்குப் பதில் மும்பையில் இருக்கிறது. 1966-இல் சிவசேனை பிறந்ததே தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்ற முழக்கத்தோடுதான். அதே மும்பையில் சயான் கோலிவாடா தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக 2014 முதல் இருப்பவர், புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து பிழைக்கப் போன தமிழ்செல்வன். அங்கே நம்மவர் ஜெயித்தால் பெருமை, இங்கே பீகார்க்காரர் பட்டியலில் பெயர் சேர்த்தாலே ஆபத்து என்றால் அந்த நியாயம் தராசில் நிற்காது.

வேலையைப் பறிக்கிறார்கள் என்பதில் மட்டும் உண்மையான வலி ஒன்று இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து விடிகாலையில் வேலைக்காக முச்சந்தியில் காத்து நிற்கிற சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் கூலி குறைகிறது, சில நாள் வேலையே இல்லை. ஆனால் கூலியைக் குறைத்தவர் யார்? ஒடிசாவிலிருந்து முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிவந்து, தகரக் கொட்டகையில் தங்கவைத்து, பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குகிற ஒப்பந்தக்காரர். ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குத் தரும் கூலியை வெளிமாநிலத்தவருக்கும் தர வேண்டும், ஆட்களின் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று, 2025 நவம்பர் வரை நடைமுறையிலிருந்த 1979-இன் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. சம கூலி கொடுத்தால் தமிழனை ஒதுக்கிவிட்டு ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஆள் பிடிப்பதில் லாபம் போய்விடும். எனவே உள்ளூர்த் தொழிலாளியின் வேலையைக் காக்கிற கோரிக்கையும் ஒடியாத் தொழிலாளியைக் காக்கிற கோரிக்கையும் ஒன்றேதான். இதைச் சொல்லாமல் 'வடக்கனே வெளியேறு' என்பவர் ஒப்பந்தக்காரருக்குத்தான் உதவுகிறார். பயந்து வாழ்கிற ஆள் கூலி கேட்டு வாய் திறக்க மாட்டான். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்தவரும் ஒடிசாக்காரரும் தமிழரும் ஒரே கான்கிரீட்டுக்கு அடியில் கிடந்தார்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள், அசாமிலிருந்து வந்தவர்கள். இந்த இரண்டு தேதிகளும் எந்த டீக்கடைப் பேச்சிலும் வருவதில்லை. வங்கி மட்டும் வருகிறது.

மெட்ரோவின் ஐந்தாம் வழித்தடம் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகப்போகிறது. அந்தத் தூண்களை எழுப்புகிறவர்களும், ரேடியல் சாலை ஓரத்து அடுக்குமாடிகளுக்குப் பூச்சு வேலை செய்கிறவர்களும் இந்த ஊரில்தான் அறை எடுத்துத் தங்கியாக வேண்டும். விவரப் பட்டியல் வேண்டும் என்று நலச்சங்கங்கள் உண்மையாகவே நினைத்தால் அதற்கு வழி இருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒவ்வொரு வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். அதில் குடியிருப்பவர் பெயர் இருக்கும், முகவரி இருக்கும். கூடவே வீட்டுக்காரர் வாங்கும் வாடகையும் முன்பணமும், நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பும் இருக்கும். தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து ஓர் அறையில் பத்துப் பேரை அடைத்துவிட்டு, அவர்களுடைய ஆதார் நகலை மட்டும் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு வருகிறவர், அடுத்த கூட்டத்தில் அந்த வங்கியைப் பற்றிப் பேச எழுந்தால், முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிட்டீர்களா என்று அவரிடம் கேட்க வேண்டும்.