80 ரூபாய் பென்ஸ்

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு சார். எதைப் பார்த்தாலும் தேய்மானம் கழிப்பான். வாடகைக்கு ஓடும் லாரிக்கு வருமான வரிக் கணக்கில் வருஷம் 30 சதவீதம். லட்ச ரூபாயில் ஆரம்பித்தால் 20 வருஷம் கழித்து மிச்சம் சுமார் 80 ரூபாய்!

சங்ககிரியில் எங்கள் வீட்டுப் புளியமரத்தடியில் அப்படி ஒன்று நிற்கிறது. மூக்கு வண்டி. டாடாவும் பென்ஸும் 1954 முதல் 1969 வரை கூட்டாக லாரி போட்டார்களே, அந்தக் காலத்துச் சரக்கு. மூக்கில் மூன்று முனை நட்சத்திரம். 'நாங்க பென்ஸ் வெச்சிருக்கோம்' என்று காலேஜில் நான் பீற்றிக்கொண்டது இதை நம்பித்தான். அப்போதே அது ஓடவில்லை என்பதைச் சொன்னதில்லை.

நின்று 18 வருஷம். பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் விலை சொன்னார். அப்பாவிடம் சொன்னேன்.

"போடு கண்ணு. ஆனா வண்டி தன் கால்ல போகோணும். சங்கிலி போட்டு இழுத்துட்டுப் போறதை நான் பாக்க மாட்டேன்."

போச்சு, என் நாலு ஞாயிற்றுக்கிழமை.

பானெட்டைத் திறந்தால் எலிக் குடும்பம். மூன்று தலைமுறை, கூட்டுக் குடித்தனம். இன்ஜின் இறுகிக் கிடந்தது. நாசில்களைக் கழற்றி, ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் ஊற்றி ஒரு வாரம் ஊறப்போட்டோம். (வீட்டில் இட்லிக்குத்தான் இப்படி ஊறப்போடுவார்கள்.) அடுத்த ஞாயிறு கம்பியைக் கொடுத்துத் தம் பிடித்தோம். முதலில் திரும்பியது என் முதுகு. அப்புறம்தான் இன்ஜின், விரற்கடை அளவு. அப்பா பேரன் பிறந்த மாதிரி சிரித்தார். டேங்கில் துரு கழுவி, பம்பைப் பட்டறைக்குக் கொடுத்து வாங்கியதில் மூன்றாவது ஞாயிறும் காலி.

கடைசி வேலை, ஏர் எடுப்பது. டீசல் போகும் வழியில் காற்று இருந்தால் வண்டி கிளம்பாது. பில்டர் மேலே ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடித்தால் நுரை நுரையாக வரும். நுரை நின்று சுத்த டீசல் வரும் வரை அடிக்க வேண்டும். நான் அடித்தேன். அப்பா குனிந்து நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பம்பை அன்னைக்கே செஞ்சிருந்தா வண்டி நின்னே இருக்காது."

"அப்புறம் ஏனுங்கப்பா செய்யலை?"

"அதே மாசம் உன் காலேஜ் பீஸ் வந்துருச்சு. நுரை நின்னுருச்சு பாரு, ஸ்க்ரூவை முறுக்கு."

முறுக்கினேன். பி.காம். மூன்று வருஷத்தில் இதை லெட்ஜரில் எந்தப் பக்கம் எழுதுவது என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை சார்.

இரவல் பேட்டரியை மாட்டி அப்பா ஏறி உட்கார்ந்தார். எழுபது வயசுக்கு அந்தப் படி உயரம். தாங்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். செல்ப் ஒருமுறை முனகியது. இரண்டாவது முறை இருமியது. மூன்றாவதில்... தெரு முழுக்கக் கரும்புகை!

"ஏனுங்க, காயப்போட்ட துணியெல்லாம் போச்சுங்க!" அம்மாவின் குரல் புகைக்குள்ளிருந்து வந்தது.

அப்பா காதில் வாங்கவில்லை. கியரைப் போட்டார். புளியமரத்தடியிலிருந்து வண்டி நாலடி முன்னால் வந்து நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டே. அடியில் 18 வருஷமாக வெயில் படாத மண், லாரி அளவுக்குச் செவ்வகமாக.

பாக்கெட்டில் செல்போன் அதிர்ந்தது. பழைய இரும்புக்காரர். எப்போது வந்து எடுப்பது என்றுதான் கேட்டிருப்பார்.

"சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க!" என்று கத்திவிட்டு வைத்தேன்.