மலிவு இயந்திரமும் மையின் விலையும்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று எந்தக் காரியாலயத்தின் படியேறினாலும் முதலில் கேட்கப்படுவது ஒரு பிரதிதான். அடையாள அட்டைப் பிரதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் பிரதி, காணி அனுமதிப்பத்திரப் பிரதி. கிராம அலுவலருக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று, வங்கிக்கு இன்னொன்று. (விதானையார் காலத்தில் வாய்ச்சொல்லே போதுமாயிருந்தது என முதியவர்கள் எம்மிடம் குறைப்படுவதுண்டு.) பிரதியெடுக்கப் பட்டணத்துக்குப் பஸ் ஏறினால் ஒருநாட் கூலி போய்விடும். எனவேதான், அச்சடித்தல், பிரதியெடுத்தல், ஸ்கேன் செய்தல் மூன்றையும் செய்யும் மலிவான இங்க்ஜெட் இயந்திரமொன்றை வாங்கலாமா எனச் சில கமக்காரர் அமைப்புகள் பொரளையிலுள்ள எமது பணிமனையைக் கேட்டுள்ளன. அத்தகையதொன்றைச் சில காலம் பாவித்தவர்கள் என்ற முறையில் எமது கருத்தைக் கூறுகிறோம்.

இயந்திரம் சிறியது, மேசையின் மூலையில் அடங்கிவிடும். லேசர் இயந்திரம் தூள்மையைச் சூட்டில் உருக்கி ஒட்டுவதால் அச்சிடும்போது பலநூறு வாட் மின்சாரம் இழுக்கும். இதற்கோ இருபது வாட் அளவு போதும். சூரிய மின்கலமும் பற்றரியும் உள்ள குடியேற்றத்தில் இது சிறிய காரியமல்ல.

ஆயினும் இதன் பெரிய நன்மை அச்சடிப்பதில் இல்லை. மூடியின் கீழுள்ள கண்ணாடியில் இருக்கிறது. 2004 கடல்கோளிலும், 2009இல் வன்னியைவிட்டு வெளியேறியபோதும், எத்தனையோ குடும்பங்கள் உறுதிகளையும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெற்ற அனுமதிப்பத்திரங்களையும் இழந்தன. ஸ்கேன் செய்த படம் மூலப்பத்திரம் ஆகாது. ஆனால் அதில் இலக்கம், திகதி, காணியின் விஸ்தீரணம் எல்லாம் இருக்கும். அவற்றைக் காட்டினால் பிரதேச செயலகப் பதிவேட்டில் உங்கள் பெயரைத் தேடுவது எளிது. அப்படிச் சேமித்து வைப்பதற்கு ஒரு துளி மையும் செலவில்லை.

மை என்றதும் குறைகள் தொடங்குகின்றன. இயந்திரத்தை மலிவாகத் தந்துவிட்டு மையில் இலாபம் எடுப்பதே இந்த வியாபாரம். கலப்பின விதை வாங்கிப் பழகிய உங்களுக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு போகமும் கடைக்குத்தான் திரும்ப வேண்டும். கார்ட்ரிஜ் எனும் சிறு மைப்பெட்டி நூறு, இருநூறு பக்கங்களில் தீர்ந்துவிடும். மூன்று நிறங்களும் ஒரே பெட்டியில் இருந்தால், ஒன்று முடிந்ததும் மற்ற இரண்டையும் சேர்த்தே எறிய வேண்டும். சில வாரம் பாவிக்காவிட்டால் மயிரிலும் நுண்ணிய துவாரங்களில் மை காய்ந்துவிடும். அதைச் சுத்தஞ்செய்யவும் மையே செலவாகும். நாம் எடுத்துக்கொடுத்த பிரதிகள் சில, மாரி மழையில் கூரை ஒழுகியபோது நீலக் கறைகளாகக் கரைந்து போயின. சாய மை அப்படித்தான். நிறமித்துகள் மை ஓரளவு தாங்கும்.

வேறு கம்பனியின் மைப்பெட்டியைப் போட்டால் வேலைசெய்ய மறுக்கும் இயந்திரங்களும் உண்டு. 2016இல் எச்.பி. இயந்திரங்கள் பல அவ்வாறு நின்றன. இத்தகைய தடைகளைப் பற்றி வாங்குவோருக்குச் சரிவர அறிவிக்கவில்லையென 2020இல் இத்தாலி அக்கம்பனிக்கு ஒரு கோடி யூரோ தண்டம் விதித்தது. மை தீர்ந்தால் ஸ்கேன் செய்யவும் மறுக்கிறது என 2021இல் அமெரிக்காவில் கெனனுக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. கண்ணாடிக்காக வாங்குபவர்கள் இதைக் கடையிலேயே கேட்டறிய வேண்டும்.

எமது அபிப்பிராயம் இதுதான். தனிக் குடும்பம் இதை வாங்குவது வீண்செலவு. சங்கம் வாங்குவதானால், போத்தலிலிருந்து மை ஊற்றும் தொட்டி வகையையே வாங்குங்கள். 2010இல் எப்சன் கம்பனி முதலில் இந்தோனேசியாவில் விற்ற வகை அது. விலை கூட, ஆனால் ஒரு நிரப்பில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வரும். வாரத்துக்கொரு நிறப்பக்கமாவது அச்சிடுங்கள். ஒரு போத்தல் மை கையிருப்பில் இருக்கட்டும். 2022இல் டொலர் இல்லாமல் தாளும் மையும் தட்டுப்பட, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரிலுள்ள அத்தனை உறுதிகளின் படங்களும் ஒரே செயலாளரின் கம்பியூட்டரில் கிடப்பது நல்லதல்ல. அவர் எவ்வளவு நல்லவராயினும் சரி. காணித் தகராறுகளை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். ஸ்கேன் செய்ததும் அந்தக் குடும்பத்தின் பென் ட்ரைவிலும், வெளியூரிலுள்ள அவர்களின் நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் படத்தைச் சேர்த்துவிட்டு, அவர்கள் கண்முன்னாலேயே கம்பியூட்டரிலிருந்து அழித்துவிட வேண்டும்.