டீக்கி பார் சுவரும் என் 32 மாச வட்டியும்

கிரெடிட் கார்டு வீடியோல, "நானும் ஒரு தடவை வசமா மாட்டியிருக்கேன், அந்தக் கதையை எழுத்துல சொல்றேன்"னு சொல்லியிருந்தேன். இதுதான் அந்தக் கதை. மாட்டினது கார்லயும் இல்ல, ஐஃபோன்லயும் இல்ல. ஒரு சுவர்ல.

கலிஃபோர்னியாவுல சான் ஹோசே பக்கம் ஆன்சைட்ல இருந்தேன். எங்க டீம்ல ஒரு அமெரிக்கப் பெரியவர், அம்பது வயசு தாண்டினவர், ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். கராஜ் கதவைத் திறந்தா உள்ள வேற உலகம். கறுப்புப் பெயின்ட் அடிச்ச சுவர், அதுமேல ஓலைப்பாய், ஓரமெல்லாம் பாதியாப் பிளந்த மூங்கில், மேல மீன்வலை, வலைக்குள்ள பச்சையும் நீலமுமா கண்ணாடி உருண்டைகள். மங்கலா நாலு விளக்கு. "இதுதான் டீக்கி பார்"னார். நான் கார் டிக்கியைத்தான் நினைச்சேன்!

நான் குடிக்கிற ஆள் இல்ல. அன்னைக்கு அன்னாசி ஜூஸ்தான் குடிச்சேன். ஆனா அந்தச் சுவர் என்னைப் பிடிச்சுக்கிச்சு. ஊரை விட்டு வந்து, வெள்ளைச் சுவர் அபார்ட்மென்ட்ல தனியா உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு உங்கள்ல சிலருக்குப் புரியும்.

ரெண்டே வாரத்துல மொத்தத்தையும் ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். பாய், மூங்கில், முகமூடி, சிலை, வலை, விளக்கு எல்லாம் சேர்த்து 2,400 டாலர். கையில அவ்வளவு காசு இல்ல, கார்டுல தேய்ச்சேன். மாசம் 100 டாலர் கட்டிடலாம், ரெண்டு வருஷத்துல முடிஞ்சிடும்னு மனக்கணக்கு. உண்மையான கணக்கு வேற. 22 சதவீத வட்டியில 2,400 டாலருக்கு மாசம் 100 கட்டினா முடிய 32 மாசம் ஆகும். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 790 டாலர்.

இதுல பெரிய கூத்து என்னன்னா, 14-வது மாசம் ப்ராஜெக்ட் முடிஞ்சு டெக்சாஸ் போகச் சொல்லிட்டாங்க. பாயை நான் சுவர்லயே பசை போட்டு ஒட்டியிருந்தேன். உரிச்சா, சுவரோட மேல்தோலும் சேர்ந்து வந்துச்சு. அட்வான்ஸ்ல 600 டாலர் பிடிச்சுட்டு மீதியைக் கொடுத்தாங்க. தப்பு என்னுதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. அதுக்கப்புறம் 18 மாசம், இல்லாத சுவருக்கு மாசாமாசம் 100 டாலர் கட்டினேன். ஒவ்வொரு தடவை ஸ்டேட்மென்ட் வரும்போதும் வயிறு எரியும்.

"அதனால வீட்டை அலங்காரம் பண்ணாதீங்க, எல்லாத்தையும் எஸ்.ஐ.பி.ல போடுங்க"ன்னு முடிப்பேன்னு நினைக்கிறீங்களா? இல்ல. அந்தப் பெரியவர் கராஜ் தப்பே இல்ல. தப்பு, அவர் பல வருஷமா சேர்த்ததை நான் ரெண்டு வாரத்துல வாங்கப் பார்த்தது.

இந்த டீக்கி பார் பிறந்த கதையைப் பின்னாடிதான் படிச்சேன். அமெரிக்காவுல மதுவிலக்கு முடிஞ்சது 1933 டிசம்பர்ல. பெரும் பொருளாதார மந்தம் ஓடிட்டிருந்த நேரம். அப்போதான் டான் பீச்னு பின்னாடி பேர் மாத்திக்கிட்ட ஒருத்தர், ஹாலிவுட்ல ஒரு சின்ன இடம் பிடிச்சு பார் ஆரம்பிக்கிறார். அலங்காரத்துக்குப் போட்டது எல்லாம் ஊர் சுத்தினப்போ சேர்த்த சாமான், பழைய வலை, கடற்கரையில ஒதுங்கின பொருள்தான். அதாவது இந்தச் சுவர், காசு இல்லாத காலத்துல கிடைச்சதை வச்சுப் பிறந்த சுவர்! ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு பசிஃபிக் தீவுகள்ல இருந்து சிப்பாய்கள் திரும்பினாங்க. 1959-ல ஹவாய் அமெரிக்க மாநிலம் ஆச்சு. அந்தக் காலத்துலதான் பல வீடுகள்ல பேஸ்மென்ட்லயும் கராஜ்லயும் டீக்கி பார் முளைச்சது. இன்னைக்கு நாம அதையே 22 சதவீத வட்டிக்கு வாங்குறோம்.

பெரியவர்கிட்ட பின்னாடி விசாரிச்சேன். அவர் முறை ரொம்ப எளிமை. எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

முதல்ல பெயின்ட், விளக்கு. இருக்குறதுலயே மலிவான அலங்காரம் இருட்டுதான். கரும்பழுப்போ கறுப்போ அடிச்சு, விளக்கை மங்கலா வச்சா பாதி வேலை முடிஞ்சது. குறைகளும் தெரியாது. காய்ஞ்ச ஓலையும் மூங்கிலும் சட்டுனு தீப்பிடிக்கும், அதனால அதிகம் சூடாகாத எல்.இ.டி. மட்டும் போடுங்க. மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம்.

ரெண்டாவது பாய். ஹவாய்ல 'லௌஹாலா'ன்னு ஒரு பாய் பின்னுவாங்க. ஹாலா மரத்து இலையில பின்னுறது. நம்ம ஊர் தாழை இருக்கே, அதே இனம்தான். பாயை நேரா சுவர்ல ஒட்டாம, மெல்லிசு ப்ளைவுட் பலகையில ஸ்டேப்ளர் அடிச்சு, அந்தப் பலகையை நாலு ஸ்க்ரூல மாட்டணும். வாடகை வீடா இருந்தா முதல்ல ஓனர்கிட்ட கேட்டுக்கோங்க. காலி பண்ணும்போது ஸ்க்ரூவைக் கழட்டி, ஓட்டையை அடைச்சுட்டு, சுவரைக் கையோட எடுத்துட்டுப் போயிடலாம். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சிருந்தா என் 600 டாலர் தப்பிச்சிருக்கும்.

மூணாவது மூங்கில். பலகை சேர்ற இடத்துல தெரியுற இடைவெளியை மறைக்கத்தான் பாதியாப் பிளந்த மூங்கில். சுவர் முழுக்க மூங்கில் தேவையே இல்ல.

நாலாவதுதான் மாட்டுற பொருள். இதுலதான் காசு கரையும், இதுலதான் பொறுமை வேணும். அந்தக் கண்ணாடி உருண்டைகள் ஜப்பான் மீனவர்கள் வலை மிதக்கக் கட்டினது. அறுந்துபோனது பசிஃபிக்கைக் கடந்து அமெரிக்கக் கரையிலயும் ஒதுங்கும். அவர்கிட்ட இருந்த அஞ்சுல ஒண்ணு அவரே ஆரிகன் கடற்கரையில எடுத்தது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கணுமே! நான் வாங்கின பன்னெண்டைப் பத்தி சொல்ல எனக்கு ஒரு கதையும் இல்ல, டெலிவரி தேதி மட்டும்தான் இருந்துச்சு.

சிலை விஷயத்துல என் கருத்து கொஞ்சம் கடுமையானது. டீக்கிங்கிறது பாலினேசிய மக்களுக்கு வெறும் பொம்மை இல்ல. முன்னோர், தெய்வம்னு அவங்க மதிக்கிற உருவம். நம்ம ஐயனாரை பிளாஸ்டிக்ல வார்த்து, எங்கயோ ஒருத்தர் பார்ல பாட்டில் பக்கத்துல வச்சா நமக்கு எப்படி இருக்கும்? நான் வாங்கின 'செட்'ல அப்படி மூணு முகம் இருந்துச்சு. இப்போ நினைச்சா கூச்சமா இருக்கு. அந்தக் காசுக்கு சமோவாவிலயோ டோங்காவிலயோ கையால செஞ்ச மரப்பட்டைத் துணி ஒண்ணு, சின்னதா இருந்தாலும் வாங்கியிருக்கலாம். காசு செஞ்சவங்க கைக்கும் போயிருக்கும், சுவரும் அழகா இருந்திருக்கும்.

"சம்பாதிக்கிறதே அனுபவிக்கத்தானே ப்ரோ, பத்து வருஷம் காத்திருக்கணுமா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. முதல் மாசமே பெயின்ட் அடிச்சு விளக்கு போட்டுடுங்க, அனுபவிக்க ஆரம்பிச்சாச்சு. அப்புறம் மாசம் 40 டாலர். நான் இருந்த 14 மாசத்துக்கு அது 560 டாலர்தான் ஆகியிருக்கும். நான் விட்டது பொருள், வட்டி, அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து 3,790. மெதுவா சேர்க்கிறதுல இன்னொரு லாபமும் இருக்கு. ஆசை நாலு மாசத்துல தீர்ந்துபோச்சுன்னா 160 டாலரோட தப்பிச்சிடுவீங்க.

என் விதி இப்போ ரெண்டே ரெண்டு. ஆறு மாசச் செலவு தனியா இருக்கணும், அதுக்கப்புறம்தான் சுவர். சுவருக்குப் போற காசு இந்த மாசச் சம்பளத்துல இருந்து போகணும், அடுத்த வருஷச் சம்பளத்துல இருந்து போகக் கூடாது.

டெக்சாஸ்ல நான் கடைசித் தவணை கட்டின அன்னைக்கு வீட்டுச் சுவர் வெள்ளையாத்தான் இருந்துச்சு. அடுத்த மாசம் ஒரே ஒரு பலகை, ஒரே ஒரு பாய் வாங்கி மாட்டினேன். ரொக்கத்துக்கு. அது இப்பவும் என்கூடத்தான் இருக்கு. வீடியோல எனக்குப் பின்னாடி தெரியுற பாய் என்னன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்களே, அதுதான் இது.