சைலன்சர் மாட்டினால் போதுமா?

நம்ம சினிமாவில் வில்லன் துப்பாக்கி முனையில் சைலன்சரைத் திருகுவான். 'புஸ்' என்று ஒரு சத்தம், ஆள் காலி. அதற்கப்புறம் அந்தத் துப்பாக்கியை யாராவது துடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை :)

அந்த 'புஸ்'ஸே பொய். ரைபிள் சத்தம் சுமார் 160 டெசிபல். சைலன்சர் அதில் 25, 30 குறைக்கலாம். மிச்சமே காதைப் பிளக்கும்.

சரி, எப்படிக் குறைக்கிறது? குண்டின் பின்னால் பாயும் சூடான வாயுவைத் தடுப்புகளுக்குள் பிடித்து வைத்து மெதுவாக விடுகிறது. வம்பு இங்கேதான். முன்னால் போக வழியில்லாத வாயுவில் ஒரு பங்கு பின்னால் திரும்புகிறது. அமெரிக்காவின் எம்-16, எம்-4 ரைபிள்களில் ஏற்கெனவே வாயுதான் உள்ளே வந்து போல்ட்டை இயக்குகிறது. சைலன்சரும் சேர்ந்தால் கரி இரட்டிப்புத் தொல்லை. எண்ணெய் காய்ந்து, துப்பாக்கி சிக்கிக்கொள்ளும்.

"கொஞ்சம் அழுக்குதானே" என்பவர்கள் வியட்நாமை நினைக்க வேண்டும். 1960களின் நடுவில் எம்-16 அங்கே போனபோது, அதற்குத் துடைப்பே தேவையில்லை என்ற பேச்சு பரவியிருந்தது. பலருக்குத் துடைக்கும் சாமான்கூடக் கிடைக்கவில்லை. வெடிமருந்தையும் மாற்றியிருந்தார்கள். சண்டைக்கு நடுவே துப்பாக்கி சிக்கி வீரர்கள் செத்தார்கள். 1967ல் அமெரிக்க காங்கிரஸ் குழு விசாரித்தது. தோட்டா அறைக்கு குரோமியப் பூச்சு வந்தது, துடைக்கும் சாமான் வந்தது. 1968ல் வில் ஐஸ்னர் படம் வரைந்த காமிக்ஸ் கையேடே போட்டார்கள்!

2020 கடைசியில் அமெரிக்க மரைன் படை தன் காலாட்படைக்கு சைலன்சர் கொடுக்க ஆரம்பித்தது. 2022ல் ராணுவம் தேர்ந்தெடுத்த புது ரைபிளும் சைலன்சரோடுதான் வருகிறது. வீரர்களின் காது தப்பும், நல்ல விஷயம்தான். ஆனால் பழைய துடைப்புக் கணக்கு இனி செல்லாது. போல்ட்டை அடிக்கடி கழற்றித் துடைக்கணும், எண்ணெய் தாராளமாக விடணும். மரையில் கரி இறுகினால் சைலன்சர் கழறாது. சரியாக உட்காராவிட்டால் குண்டு தடுப்பில் இடிக்கும். அந்தக் கரியில் ஈயமும் உண்டு. கையுறை போடாமல் தொட்டு, கை கழுவாமல் சாப்பிட்டால் விஷம் உடம்புக்குள் போகும்.

என் கருத்து இதுதான்: சிப்பாயைக் குறை சொல்லாதீர்கள். சைலன்சர் கொடுக்கிறவர்கள் துடைக்கும் சாமானையும், கற்றுத்தர ஆளையும், அதற்கான நேரத்தையும் சேர்த்தே கொடுக்கணும். முடியாதென்றால் சைலன்சரையும் கொடுக்காதீர்கள். பைக்கைக் கொடுத்துவிட்டு ஆயிலுக்குக் காசு தராத அப்பா மாதிரிதான் அது. பைக் நின்றால் தள்ளிக்கொண்டு வரலாம். போர்க்களத்தில்?