வரைந்ததையே மீண்டும் வரைவானேன்?

சென்னை நிறுவனங்களின் படைப்புகளான ஜோஹோ கிரியேட்டர் 2006-இலும் கிஸ்ஃப்ளோ 2012-இலும் வெளிவந்த பின்னர், நிரல் எழுதி அப்பியாசமில்லாதவர்களும் கட்டங்களையும் அம்புக்குறிகளையும் திரையில் இழுத்து வைத்தே அலுவலகச் செயலிகளை நிர்மாணிக்கும் சௌகரியம் வாய்த்தது. அச்சௌகரியமே ஓர் அனர்த்தத்துக்கும் ஹேதுவாகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஜீயபுரத்து வாழை விவசாயிகளின் சங்கம் ஒன்று, உர விண்ணப்பம், முன்பணம், லாரி வாடகை ஆகிய மூன்றுக்கும் செயலிகள் அமைப்பதாகக் கொள்வோம். செயலாளர் பார்த்து, தொகை வரம்பை மீறினால் தலைவருக்கு அனுப்பும் ஒரே கிரமத்தை மும்முறை பிரதியெடுத்துவிட்டால் (பிரதியெடுப்பது அத்தனை சுலபம், அதுதான் விபரீதம்), வரம்பு மாறும் நாளில் இரண்டைத் திருத்தி மூன்றாவதை மறப்பது மனித சுபாவம். ஆகவே, விண்ணப்பதாரரையும் தொகையையும் மட்டும் உள்ளே வாங்கி, சம்மதம் அல்லது நிராகரிப்பை வெளியே தரும் தனிக் கிரமமாக அதை ஒருமுறை வரைந்து, மூன்று செயலிகளும் அதையே அழைக்கச் செய்வது உசிதம். உரம், லாரி என்ற பெயர்கள் அதனுள் எட்டிப் பார்க்கவே கூடாது.